கரண்ட் போய் லைட் வந்த ஊர்: லகனாஸ், ஸாகிந்தோஸ் தீவு

#1 உப்புக்காற்று

பயணப் பிரிவில் போடுவதா, வேளாண்மைப் பிரிவில் போடுவதா என்று குழம்பி இங்கே போடுகிறேன். மட்டுறுத்துநர் இடம் மாற்றினால் ஆட்சேபம் இல்லை.

கப்பலில் செகண்ட் இன்ஜினியர் நான். கம்பெனி ஆபீஸ் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில். போன இரண்டு முறையும் சைன்-ஆஃப் ஆனதும் (ஒப்பந்தம் முடிந்து கப்பலை விட்டு இறங்கியதும்) நேரே வீட்டுக்கு வராமல் கிரீஸின் மேற்கே இருக்கும் ஸாகிந்தோஸ் தீவில் பத்துப் பத்து நாள் தங்கினேன். (வீட்டில் வாங்கிய திட்டுக்குத் தனி இழைதான் தொடங்க வேண்டும்.) ஏதென்ஸிலிருந்து பஸ், கிலினி துறையில் படகு, ஒன்றேகால் மணி நேரத்தில் தீவு. மக்கள் தொகை நாற்பதாயிரத்துச் சொச்சம்.

தெற்குக் கடற்கரையில் லகனாஸ் என்று ஓர் ஊர். இரவு எட்டு மணிக்கு மேல் கடலை நோக்கிப் போகும் சாலையில் நடந்தால் இரண்டு பக்கமும் பார், பர்கர் கடை, பச்சை குத்தும் கடை, குவாட் பைக் வாடகை. போர்டெல்லாம் இங்கிலீஷ். சட்டை போட்டவன் நான் ஒருத்தன்தான் என்று தோன்றும். அங்கிருந்து பைக்கில் பத்து நிமிஷம் உள்ளே போனால் லித்தகியா என்று மேட்டு ஊர். ஒலிவ மரங்கள், சேவல், மதியத் தூக்கம். நடுவில் புல் மண்டிய மேடை மேடையான இடங்கள். என்னவென்று விசாரித்தேன். திராட்சை உலர்த்திய களங்களாம்.

இந்தத் தீவு சுமார் நானூறு வருஷம் ஒரே ஒரு பயிரை நம்பி வாழ்ந்தது. கறுப்பு நிறம், மிளகைவிடச் சற்றே பெரிய, கொட்டையில்லாத உலர் திராட்சை. இங்கிலீஷில் கரன்ட். கொரிந்த் என்ற கிரேக்க நகரத்தின் பெயர் வாயில் தேய்ந்துதான் கரன்ட் ஆயிற்று. வெனிஸ்காரர்கள் 1797 வரை தீவை ஆண்டார்கள். அவர்கள் காலத்திலேயே கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பிரிட்டிஷ்காரர்களே வந்து உட்கார்ந்து 1864 வரை ஆண்டார்கள். இன்று அதே பிரிட்டிஷ்காரர்களின் பிள்ளைகள் லகனாஸில் பக்கெட்டில் உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கிறார்கள். முன்பு சரக்கு அவர்களிடம் போனது, இப்போது அவர்களே சரக்கைத் தேடி வருகிறார்கள்.

நம் ஊரில் கரண்ட் போனால் இருட்டு. இங்கே கரன்ட் போன பிறகுதான் லைட்டே வந்தது. இழைத் தலைப்பு அதனால்தான், மன்னிக்கவும்.

நான் எழுத வந்த விஷயம் இது. ஏன் திராட்சையை விட்டீர்கள் என்று கேட்டால் "காசுக்காக" என்று சொல்வார்கள் என நினைத்தேன். நான் தங்கிய வீட்டுப் பெரியவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஆவ்குஸ்தோஸ்." ஆகஸ்ட் மாதம்.

கரன்ட் அறுவடை ஆகஸ்டில். பறித்து, களத்தில் பரப்பி, வெயிலில் பத்து நாளுக்குக் குறையாமல் காய வேண்டும். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ. ஒரு மழை விழுந்தால் ஒரு வருஷ உழைப்பு புளித்துப்போகும். அதனால் குடும்பம் மொத்தமும் களத்தில் காவல் இருக்கும். டூரிஸ்ட் கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அதே ஆகஸ்டில்தான். அறைக்குத் துணி மாற்றுவதும், மீன் பொரிப்பதும், படகு ஓட்டுவதும் அதே கைகள். ஒரு மாதத்தை இரண்டு முதலாளிக்கு விற்க முடியாதே.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


#2 ஹாரோ அண்ணை

தம்பி, நல்ல இழை. நானும் பிள்ளையளோட 2014இலை போனனான். லண்டன் கேட்விக்கிலை ஏறினா மூண்டரை மணித்தியாலம் வராது. லகனாஸ் இல்லை, பக்கத்திலை கலமாகி. லகனாஸ் எண்டா பதினெட்டு வயசுப் பெடியள் பள்ளிக்கூடம் முடிச்சிட்டுக் கூத்தடிக்கப் போற இடம் எண்டு வேலையிடத்திலை எச்சரிச்சிட்டினம். எண்டாலும் விடிய மூண்டு மணிக்கும் அங்கத்தைய "டும் டும்" எங்கட யன்னலுக்குள்ளாலை கேட்டது. சுற்றுலாக் கொம்பனி ஆளிட்டை முறையிட்டனான், காதிலை போடுற பஞ்சு தந்தவை.

நான் சொல்ல வந்தது கேக் விசயம். எங்கட அம்மா யாழ்ப்பாணத்திலை கிறிஸ்மஸ் கேக்குக்குப் பிளம்ஸ், முந்திரிகை, கரன்ட்ஸ் எல்லாம் புரட்டாசி முடியவே பிரண்டியிலை ஊறப்போட்டிடுவா. பிறகு அமெரிக்காவிலை இருக்கிற தங்கச்சி ஒருக்கா அனுப்பின பைக்கற்றிலை "ஸான்டே கரன்ட்ஸ்" எண்டு இருந்தது. ஸான்டே எண்டா ஆரோ கொம்பனிக்காரன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான். ஸாகிந்தோசுக்கு வெனிஸ்காரன் வைச்ச பேர் அது எண்டு அங்கை விமானநிலையத்திலை பலகையைப் பாத்த பிறகுதான் விளங்கினது.

ஆனா ஒரு கிழமை நிண்டும் ஒரு கொடிகூடக் கண்ணிலை படேல்லை. பஃபேயிலை வைச்ச உலர் திராட்சை பெரிய, மஞ்சள் சாதி. எங்கையிருந்து வந்ததோ.


#3 கணக்குப்பிள்ளை

> ஒரு மாதத்தை இரண்டு முதலாளிக்கு விற்க முடியாதே.

எழுத்து அழகா இருக்கு சார், ஆனா எனக்கு ஒப்பவில்லை. விலை கட்டுப்படியாகியிருந்தா ஆகஸ்ட் என்ன, அர்த்தராத்திரியிலகூட ஆள் பிடிச்சுப் பறிச்சிருப்பாங்க.

கரன்ட் கதையில ஆகஸ்டுக்கு ரொம்ப முன்னாடியே ஓர் அடி விழுந்திருக்கு. 1870களில் பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா பூச்சி தின்னுச்சு. ஒயினுக்குப் பழம் இல்லாம பிரெஞ்சுக்காரங்க கிரேக்க உலர் திராட்சையை வாங்கி ஊறவெச்சு ஒயின் பண்ணாங்க. விலை எகிறிச்சு. தெற்கு கிரீஸ்ல பெலோபொன்னீஸ் பகுதியில ஒலிவ மரத்தைக்கூட வெட்டிட்டுக் கரன்ட் கொடி நட்டாங்க. பிறகு பிரெஞ்சுத் தோட்டம் தேறிச்சு, இறக்குமதிக்கு வரி போட்டாங்க, 1893இல் விலை படுத்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல கிரேக்க அரசே திவால். பிரதமர் திரிகூபிஸ் நாடாளுமன்றத்துலயே திவால் ஆயிட்டோம்னு அறிவிச்சார். கூட்டம் கூட்டமா அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினது அதுக்கப்புறம்தான். ஒரு நாட்டோட ஏற்றுமதியே ஒரு கைப்பிடி உலர் திராட்சையில நின்னா இப்படித்தான் ஆகும்.

இன்னொண்ணு. கிரீஸோட சான்டோரினித் தீவுலயும் திராட்சை அறுவடை ஆகஸ்ட்லதான். அங்கேயும் கூட்டம் நெரியுது. ஆனா அங்கத்து அஸிர்திகோ திராட்சை ஒயினுக்கு விலை இருக்கு, அதனால கொடி இன்னும் நிக்குது. சுருங்கிட்டே வருதுங்கிறது உண்மை, ஆனா அழியலை. உங்க காலண்டர் தியரி அங்க எப்படி வேலை செய்யும்?


#4 உப்புக்காற்று

கணக்குப்பிள்ளை சார், சான்டோரினி நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், விலை இருந்தால் ஆகஸ்டையும் சமாளிக்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஒயின் திராட்சையைப் பறித்து ஆலையில் கொட்டினால் விவசாயியின் வேலை அன்றே முடிந்தது. கரன்ட்டுக்குப் பறித்த பிறகுதான் தலைவலி ஆரம்பம். பரப்பு, கிளறு, மேகம் பார், மூடு, திற, காம்பு உதிர், சலி. பத்து நாளும் பக்கத்தை விட்டு நகர முடியாது.

எதிர்ச் சான்று ஒன்று அதே தீவிலேயே இருக்கிறது: ஒலிவம். நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை அறுவடை. டூர் கம்பெனிகள் வாடகைக்குப் பிடிக்கும் சார்ட்டர் விமானங்களில் கடைசியும் அக்டோபர் இறுதியில் போய்விடும். ஹோட்டலைப் பூட்டிவிட்டு, மரத்தடியில் வலையை விரித்துவிட்டு, செக்கில் வரிசையில் நிற்கலாம். ஒலிவ எண்ணெய் விலையும் எத்தனையோ வருஷம் படுத்துத்தான் கிடந்தது. ஆனாலும் தோப்பு நிற்கிறது. பார் முதலாளிகூட வீட்டுக்கு வேண்டிய எண்ணெயைத் தன் மரத்திலிருந்தே எடுக்கிறார். டூரிஸத்தோடு மோதாத பயிர் பிழைத்தது, மோதிய பயிர் தோற்றது. விலை மட்டும்தான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தே போயிருக்க வேண்டுமே?

அப்புறம் நில நடுக்கம். 1953. தேதியைக் கவனியுங்கள்: ஆகஸ்ட் 9, 11, 12. கடைசி அடி ரிக்டரில் 7-க்கும் மேல். ஸாகிந்தோஸ் நகரமே விழுந்தது, மிச்சத்தைத் தீ தின்றது. வெனிஸ் காலத்து மாளிகைகள், தேவாலயங்கள் எல்லாம் போயின. விரல்விட்டு எண்ணும்படியாகத்தான் கட்டடங்கள் தப்பின. தீவின் புனிதர் தியோனிசியோஸின் கோயில் அதில் ஒன்று. களத்தில் திராட்சை காயும் பருவம் அது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஒரு பெரிய கூட்டம் ஏதென்ஸ், ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டது. கொடிக்கு ஆள் குறைந்தது அப்போதே. லகனாஸில் பார்கள் வருவதற்கு இருபது, முப்பது வருஷம் முன்பு.

1972இல் விமான நிலையம். அதுவும் எங்கே? தீவிலேயே சமதளமான இடம் தென்கிழக்குச் சமவெளி. திராட்சைச் சமவெளியும் அதுதான். ஓடுபாதையின் ஒரு முனை ஏறக்குறைய லகனாஸ் வளைகுடாவைத் தொடும். இறங்கும் விமானத்தின் சக்கரம் ஆமைகள் தலைக்கு மேலேதான் போகும். ஆமைக் கதை தெரிந்தவர்கள் யாராவது வந்தால் நல்லது, எனக்கு அரைகுறைதான்.


#5 விதைநெல்

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம். திராட்சை எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிஞ்சுக்க வந்தேன்.

ஒண்ணு, கொட்டையில்லாத காய் எப்படிப் பிடிக்குது? ரெண்டு, கடலோர மணல்ல, உப்புக் காத்துல இந்தக் கொடி வருமா? வராதுன்னா லகனாஸ் கடற்கரை நிலம் முன்னே யார்கிட்ட, என்ன பயிரா இருந்துச்சு? பயிர் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல பயிர் இருந்துச்சான்னு பார்க்கணும் இல்லையா.


#6 உப்புக்காற்று

விதைநெல் ஐயா, இரண்டாவது கேள்விக்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்கலாம் போல.

முதல் கேள்விக்குப் பெரியவர் கையாலேயே காட்டினார். பூக்கும் சமயத்தில் அடித்தண்டில் கத்தியால் மோதிரம் மாதிரி மெல்லிய வளையமாகப் பட்டையைச் சீவி எடுக்கிறார்கள். இலையில் தயாராகும் சத்து வேருக்கு இறங்காமல் மேலேயே நின்று காய் பிடிக்கிறது. கொஞ்சம் ஆழமாகப் போனால் கொடி செத்தது. ஒவ்வொரு கொடிக்கும் குனிந்து செய்ய வேண்டும். எப்போது? மே, ஜூனில். ஹோட்டலுக்கு வெள்ளையடித்துத் திறக்கும் நேரம்.

கடற்கரை நிலம் விஷயத்தில் நீங்கள் சரியாகப் பிடித்தீர்கள். நல்ல கொடி நிலமெல்லாம் உள்ளே சமவெளியில். கடலோரம் மணல்மேடு, சதுப்பு, கொசு. பழைய ஊர்களான லித்தகியா, முஸாகி, பந்தொக்ராதோரஸ் எல்லாமே கடலை விட்டுத் தள்ளித்தான் இருக்கின்றன. கடலோரம் குடியிருப்பது அந்தக் காலத்தில் கௌரவம் இல்லை. கொள்ளைக் கப்பல் பயம், மலேரியா பயம். அங்கே ஆடு மேய்ந்தது, மீன்பிடிக் குடிசை நாலைந்து இருந்தது.

இனி சொல்வது இந்த ஒரு தீவின் கதை மட்டுமல்ல, கிரேக்கத் தீவுகளில் எங்கே போனாலும் சொல்வார்கள். சொத்துப் பிரிக்கும்போது நல்ல விளைநிலம் ஆண் பிள்ளைகளுக்கு. விளையாத கடலோர மணல், பெண்ணுக்குச் சீதனம். அல்லது அப்பாவுக்குப் பிடிக்காத கடைசிப் பையனுக்கு. பிறகு சார்ட்டர் விமானம் வந்தது. சமவெளியில் முப்பது ஏக்கர் வைத்திருந்த அண்ணன், மணலில் ஒரு ஏக்கர் வைத்திருந்த தங்கையின் ஹோட்டலில் கணக்கு எழுதினார். நான் தங்கிய வீட்டிலும் பெரியவர் அண்ணன் பக்கம்தான். மைத்துனர் பெயரைச் சொன்னாலே காபிக் கோப்பையை ஒரு மாதிரி வைப்பார்.

சீதனம் சட்டப்படி ஒழிந்தது 1983இல். அதற்குள் வேலை முடிந்துவிட்டது.


#7 ஆமைநடை

ஆமைக் கதைக்கு ஆள் தேடியதாகக் கண்டேன். பெசன்ட் நகர் கடற்கரையில் இரவு நடந்து முட்டை பொறுக்கிப் பாதுகாக்கும் மாணவர் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்தேன். லகனாஸ் வளைகுடா எங்களுக்குப் பாடப் புத்தகம் மாதிரி. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, இரண்டுக்கும்.

அங்கே வருவது பெருந்தலை ஆமை. மத்தியதரைக் கடலில் அது முட்டையிடும் முக்கியமான இடங்களில் லகனாஸ் வளைகுடா ஒன்று. ஆறு சிறு கடற்கரைகள்: கிழக்கு லகனாஸ், கலமாகி, செகானியா, தாஃப்னி, யெராகஸ், அப்புறம் மரத்தோனீசி என்ற குட்டித் தீவு. மீனவர்களுக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான். ஆனால் விஞ்ஞான உலகத்துக்கு இதைத் தெரியவைத்தவர் திமித்ரிஸ் மார்கரிதூலிஸ், 1977இல். ஓடுபாதை போட்டு ஐந்து வருஷம் கழித்து! 1983இல் ஆமைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. இன்று ஆர்கெலோன் என்று பெயர்.

உங்கள் காலண்டர் கணக்கில் மூன்றாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய் ஆமை ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கரையேறி ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடுகிறாள். ஐம்பது, அறுபது நாளில் பொரிகிறது. அதாவது ஆகஸ்டில் மணலுக்கு மேலே துண்டு, குடை, சாய்நாற்காலி. ஒன்றரை அடிக்குக் கீழே முட்டை. குடைக்கம்பு குத்தும் ஆழமும் ஏறக்குறைய அதுதான்.

லைட் என்று எழுதியிருந்தீர்களே, அது வெறும் சிலேடை இல்லை. பொரிந்து வெளியே வரும் குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் இரவில் வெளிச்சமான பக்கம் கடல். லகனாஸில் வெளிச்சமான பக்கம் பார். குஞ்சு சாலைக்குப் போகும்.

1999 டிசம்பரில் தேசியக் கடல் பூங்கா அறிவித்தார்கள். ஆனாலும் கிழக்கு லகனாஸ் மணலில் மொபெட் ஓடியது, யெராகஸ், தாஃப்னியில் மிதிபடகும் சிறுபடகும் இருந்தன, தாஃப்னியில் அனுமதியில்லாக் கட்டடங்கள். ஐரோப்பிய ஆணையம் வழக்குப் போட்டு, 2002 ஜனவரி 30 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸ் கடமை தவறியது என்று தீர்ப்புச் சொன்னது. இப்போது முட்டையிடும் கடற்கரைகளில் இரவில் யாரும் நிற்கக் கூடாது, படகுக்கு வேக வரம்பு உண்டு, இரவு விமானத்துக்கும் தடை. செகானியாவுக்குள் யாருக்குமே அனுமதி இல்லை. அதன் பின்னால் இருந்த நிலத்தை உலக இயற்கை நிதியம் (WWF) 1994இல் விலைக்கே வாங்கிவிட்டது.

இன்னொரு அதிசயம்: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவுசெய்கிறது. சூடு கூடினால் பெண். மரத்தோனீசியின் மணல் வெளிர் நிறம், சூடு குறைவு; அதனால் அங்கே ஆண் குஞ்சு அதிகம். அந்தக் குட்டித் தீவு போனால் வளைகுடாவுக்கே மாப்பிள்ளை பஞ்சம்.


#8 ஹாரோ அண்ணை

தங்கச்சி, நீங்கள் எழுதினதை வாசிக்கக் குற்ற உணர்ச்சியாக் கிடக்கு. நாங்கள் "ஆமை பாக்கலாம்" எண்டு விளம்பரம் போட்ட படகிலை போனனாங்கள். ஒரு ஆமை தலையைத் தூக்கினா ஏழெட்டுப் படகு சுத்தி நிண்டுது. எங்கட சின்னவன் அப்ப ஆறு வயசு. "அப்பா, அது மூச்சுவிடத்தானே மேலை வந்தது, ஏன் எல்லாரும் கத்தினம்?" எண்டான். நான் படம் எடுக்கிற அவசரத்திலை பதில் சொல்லேல்லை.

கடற்கரையிலை கம்பிக்கூடு மாதிரி நட்டு வைச்சிருந்தவை. அதுக்குக் கீழை ஆமை முட்டை இருக்கு எண்டு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, தொண்டரா வந்து நிண்டவ, பொறுமையா விளங்கப்படுத்தினா. அதுக்குப் பக்கத்திலையே குடை வாடகைக்காரன் எங்களைப் பாத்து "இஞ்சாலை வாங்கோ" எண்டு கை காட்டிறான். ரெண்டு பேரும் ஆளையாள் பாக்கேல்லை.


#9 கணக்குப்பிள்ளை

ஆமைநடை மேடம், தகவலுக்கு நன்றி. ஆனா ஒரு கேள்வி உறுத்துது.

சீதனமா வந்த மணல்மேட்டை வெச்சிருந்த குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. பக்கத்து லகனாஸ்ல எழுபதுகள், எண்பதுகள்ல முந்திக்கிட்டவங்க ஹோட்டல் கட்டிட்டாங்க. அவங்க கடற்கரையில ஆமைக்கு ஏற்கெனவே கேடு பண்ணியாச்சு, ஆனா வருமானம் வருது. தாஃப்னிக்காரங்க தாமதம். கட்டப் போறப்போ சட்டம் வந்திருச்சு. நிலம் அவங்க பேர்ல, ஆனா செங்கல் வைக்கக் கூடாது. நஷ்டஈடு வருஷக்கணக்கா இழுபறி. கெடுத்தவனுக்குப் பரிசு, கெடுக்காதவனுக்குத் தண்டனை. அனுமதியில்லாக் கட்டடம் அங்கே முளைச்சதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. சரின்னு சொல்லலை, ஆச்சரியம் இல்லைன்னு சொல்றேன்.

தொண்டர்கள் லண்டன்லேர்ந்தும் பெர்லின்லேர்ந்தும் வர்றாங்க. ஆமையைக் காப்பாத்துற செலவை யார் தலையில கட்டுறோம்?


#10 ஆமைநடை

நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். பாதுகாப்பு இயக்கங்கள் ஆரம்ப காலத்தில் செய்த தப்பு இதுதான்: நில உரிமையாளரை வில்லனாகப் பார்த்தது. செகானியாவைப் போல விலை கொடுத்து வாங்குவது நேர்மையான வழி. ஆனால் எல்லாக் கடற்கரைக்கும் அந்தப் பணம் இல்லை.

ஆனால் இதையும் பாருங்கள். பஸ், படகு, கீச்செயின், டீ ஷர்ட் என எதை எடுத்தாலும் ஆமைப் படம். தீவின் சின்னமே ஆகிவிட்டது. அந்த ஆமையால் வரும் பணத்தில் தாஃப்னிக்காரர்களுக்கு ஒரு பங்கு போயிருந்தால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும். சட்டம் போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் செய்யவில்லை.

சின்ன ஒரு இடைச்செருகல். எங்கள் கடற்கரைக்கு வரும் ஆமையைச் சென்னை மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். பெயரிலேயே மாதம். உப்புக்காற்று அண்ணாவின் தியரிக்கு என் ஓட்டு அதனால்தான்.


#11 புதியவன்_27

அப்போ நம்ம மகாபலிபுரம் ஈசிஆர் ரிசார்ட்டெல்லாம் என்னவாம்? அங்கே பண்ணாத அநியாயமா?

மட்டுறுத்துநர்: ஈசிஆருக்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடியிருக்கிறது. அங்கே போய்ச் சண்டையைத் தொடரவும். இங்கே கிரீஸ் மட்டும்.


#12 அடுப்படி

நிலம், பயிர், ஆமை எல்லாம் பேசியாச்சு. அந்த வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வரி வரவில்லையே? சீதன மணல் தங்கைக்குப் போச்சு, அவள் பணக்காரி ஆனாள் என்பதோடு முடித்துவிட்டீர்கள். அந்த ஹோட்டலை நடத்தியது யார்? விடுதி என்றால் படுக்கை விரிப்பு துவைப்பது, கழிவறை கழுவுவது, காலை உணவு. கொடிக்குக் குனிந்த முதுகு கட்டிலுக்குக் குனிந்தது, அவ்வளவுதானே?

லெஸ்வோஸ் தீவில் பெத்ரா என்று ஒரு கடலோர ஊர். அங்கே 1983இல் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். அவரவர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவது, சேர்ந்து ஓர் உணவகம் நடத்துவது. கிரீஸில் இந்த வகையில் அதுதான் முதல். அதைப் பார்த்துக் கியோஸ் தீவு முதலிய இடங்களிலும் தொடங்கினார்கள். வேலை அதே வேலைதான். ஆனால் காசு முதன்முறையாக அவர்கள் பெயரில் வந்தது. லகனாஸில் அப்படி ஏதாவது உண்டா?


#13 உப்புக்காற்று

அடுப்படி அக்கா, குட்டு சரியாக விழுந்தது. லகனாஸில் அப்படி நான் ஒன்றும் பார்க்கவில்லை. பெத்ராவுக்கும் லகனாஸுக்கும் அடிப்படை வித்தியாசம், யார் கட்டிலை நிரப்புகிறார்கள் என்பது. பெத்ராவில் பயணி கூட்டுறவைத் தேடி வருகிறார். லகனாஸில் பிரிட்டனில் இருக்கும் டூர் கம்பெனி மொத்த அறையையும் முன்கூட்டியே பேசி எடுத்துக்கொள்ளும். விலையும் அவர்கள் சொல்வதுதான். பணம் பயணி வந்து போன பிறகு, இரண்டு மூன்று மாதம் தள்ளி வரும்.

2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் கம்பெனி திவால். 1841இலிருந்து இருந்த பெயர். கிரேக்கத் தீவுகளில் சீசன் முழுக்கச் சோறு போட்டு, படுக்கை விரித்து முடித்த பிறகு, ஆகஸ்ட் மாதப் பணம் வராமலே போனது. மறுபடியும் அதே மாதம்!

கணக்குப்பிள்ளை சார் 1893ஐச் சொன்னார். ஒரே பயிர், ஒரே பெரிய வாடிக்கையாளர், அவன் கையை விரித்ததும் ஊர் விழுந்தது. நூற்று இருபத்தாறு வருஷம் கழித்துச் சரக்கு மாறியிருக்கிறது, தராசை வைத்திருக்கும் கை மாறவில்லை. உங்கள் "எல்லாம் விலைதான்" வாதத்தை நீங்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்திருந்தால் நான் அப்போதே சரணடைந்திருப்பேன்.

வேலை யார் செய்கிறார்கள் என்பதற்கு: 1990களின் தொடக்கத்தில் பக்கத்து நாடான அல்பேனியாவின் எல்லை திறந்ததும் அங்கிருந்து வந்தவர்கள்தான் கிரீஸ் முழுக்க ஒலிவம் பறித்தார்கள், சுவர் கட்டினார்கள். கொஞ்சம் கரன்ட் இன்னும் பிழைத்திருப்பதும் அவர்கள் கையால்தான். லித்தகியாவில் எனக்குக் கொடி காட்டிய பெரியவரின் தோட்டத்திலும் இரண்டு அல்பேனியர். ஒருவர் முப்பது வருஷமாக அங்கேதான். பிள்ளைகள் கிரேக்கப் பள்ளியில் படித்து இப்போது லகனாஸில் ரிசப்ஷனில் இருக்கிறார்கள். அப்பா களத்தில், மகள் கவுண்டரில். ஊர் ஐம்பது வருஷத்தில் செய்ததை அந்தக் குடும்பம் ஒரே தலைமுறையில் செய்துவிட்டது.

குளிர்காலத்தில் லகனாஸ் எப்படி இருக்கும் என்று அந்த அல்பேனியரிடம் கேட்டேன். ஷட்டர் இறக்கிய ஒரு கிலோமீட்டர் சாலை, நடுவில் நாய்கள். சீசன் தொழிலாளிக்கு அரசு தரும் உதவித்தொகை மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான் வரும். மீதியை ஒலிவம் பார்த்துக்கொள்கிறது.


#14 விதைநெல்

அய்யா, பட்டை சீவுற விஷயம் சொன்னதுக்கு நன்றி. நம்ம ஊர்லயும் மாமரத்துக்கு அப்படிப் பண்றவங்க உண்டு.

நக்ஸோஸ் தீவு பத்திப் படிச்சிருக்கேன். அங்கேயும் பயணி வர்றாங்க, ஆனா உருளைக்கிழங்கும் மாட்டுப் பாலும் நிக்குது. நக்ஸோஸ் கிழங்குக்கும் கிராவியேரா பாலாடைக்கட்டிக்கும் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு. ஓட்டல்காரனே கிழங்குல ஊர்ப் பேரைப் போட்டு விக்கிறான். கறவை மாட்டை ஆகஸ்டுக்காக நிறுத்தி வைக்க முடியாது, தினம் கறந்தாகணும். அப்போ காலண்டர் மட்டும் இல்லை, வாங்குற ஓட்டல் உள்ளூர்க் கிழங்கைக் கேட்குதாங்கிறதும் இருக்கு. பிரிட்டிஷ் டூர் கம்பெனி பஃபேக்கு எந்த ஊர்க் கிழங்கானா என்ன?


#15 கணக்குப்பிள்ளை

விதைநெல் ஐயா சொன்னதுக்கு முழு ஓட்டு. ஸாகிந்தோஸ் கரன்ட்டுக்கும் அதே புவிசார் பாதுகாப்பு இருக்கு. ஆனா ஹாரோ அண்ணன் பஃபேயில பார்த்தது மஞ்சள் திராட்சை!

உப்புக்காற்று சார், 2019 பத்தி நீங்க சொன்னதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். ஒத்துக்கறேன். ஆனா ஒரு திருத்தம்: 1893இல் மக்கள் கிளம்பிப் போனாங்க. இப்போ 2024இல் கிரீஸுக்கு வெளிநாட்டுப் பயணிகள் மூன்றரைக் கோடிக்கும் மேல. நாட்டோட ஜனத்தொகையே ஒரு கோடிச் சொச்சம். இப்போ சிக்கல் ஆள் போறது இல்லை, இருக்கிறவனுக்கு இடம் இல்லாதது. 2023 கோடையில பாரோஸ் தீவுல உள்ளூர்க்காரங்களே "எங்க துண்டைப் போட இடம் விடு"ன்னு கடற்கரையில ஊர்வலம் போனாங்க, துண்டு இயக்கம்னு பேரே வந்துச்சு. அடுத்த வருஷம் சட்டம் வந்துச்சு: கடற்கரையில பாதியாவது குடை, நாற்காலி இல்லாம விடணும், பாதுகாக்கப்பட்ட பகுதின்னா 70 சதவீதம். மீறினா போன் ஆப்லயே புகார் போடலாம்.

கடற்கரை மொத்தமும் சட்டப்படி பொதுச்சொத்து. அதுல துண்டு விரிக்க ஊர்வலம் போகணும்.


#16 ஆமைநடை

70 சதவீதம் ஆமைக்கும் சேர்த்துத்தான் என்று நம்புகிறேன். :)


#17 ஹாரோ அண்ணை

தம்பி உப்புக்காற்று, எனக்கும் மனிசிக்கும் ஒருக்காத் திரும்பப் போகவேணும் போல இருக்கு. இந்த முறை ஆகஸ்டிலை இல்லை. நவம்பரிலை அந்த ஒலிவச் செக்கைப் பாக்கலாமோ? கரன்ட்ஸும் ரெண்டு கிலோ வாங்கவேணும், மனிசி இந்த வருசக் கேக்குக்குக் கேக்கிறா. லண்டனிலை இருந்து நவம்பரிலை பிளைட் என்ன விலை வரும்?


#18 உப்புக்காற்று

அண்ணை, நவம்பரில் லண்டனிலிருந்து தீவுக்கு நேரடி விமானமே இல்லை. ஏதென்ஸ் போய், கிஃபிசோஸ் பஸ் நிலையத்தில் ஸாகிந்தோஸ் பஸ் ஏறுங்கள். படகோடு சேர்த்து ஆறு மணி நேரம் ஆகும். தடித்த ஜெர்சி எடுத்துக்கொள்ளுங்கள், மழை கொட்டும். லகனாஸில் அறை தேடாதீர்கள், எல்லாம் பூட்டியிருக்கும். பெரியவர் வீட்டு மாடி அறை அப்போது காலியாகத்தான் இருக்கும், தனிமடலில் விவரம் அனுப்புகிறேன். வலை விரிக்க ஆள் குறைவு என்று போன வாரம் போனில் புலம்பினார், வாடகைக்குப் பதில் உங்களை மரத்தடியில் நிறுத்தினாலும் நிறுத்துவார்.